தாத்தா ஃபெயில், பேரன் பாஸ்!

கேள்வி: என் மகனுக்கு முதல் பட்டதாரி சலுகை கிடைக்குமா? நான் பிளஸ் டூவோடு சரி. ஆனால் அவன் தாத்தா அந்தக் காலத்து பி.ஏ.! (வாசகர், மயிலாப்பூர்)

பதில்: பாஸா, ஃபெயிலா? முதலில் அதைச் சொல்லுங்கள். 'பி.ஏ. ஃபெயில்' என்று வாசலில் போர்டு மாட்டிய தாத்தா என்றால் பேரன் யோகக்காரன். பாஸ் என்றால் போச்சு! தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, அண்ணன், அக்கா ஒருவரும் டிகிரி வாங்கியிருக்கக் கூடாது. 2010-11 முதல் இருக்கும் சலுகை இது. கலந்தாய்வில் சேர்ந்தால்தான் செல்லும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் செல்லாது.

கேள்வி: மகளைப் பிளஸ் டூவுக்கு மட்டும் அரசுப் பள்ளிக்கு மாற்றினால் 7.5 சதவீத ஒதுக்கீடு கிடைக்குமா? (வாசகி, அடையாறு)

பதில்: கடைசிப் பந்திக்கு வந்து முதல் பந்திப் பாயசம் கேட்கிறீர்களே! ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்காக வந்தது அது. 2020-இல் மருத்துவத்துக்கு, 2021-இல் பொறியியலுக்கு.

கேள்வி: பொறியியல் கலந்தாய்வு ஆன்லைனில் நடப்பதால் பெற்றோருக்கு என்ன லாபம்? (வாசகர், தி.நகர்)

பதில்: 2018-க்கு முன் கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளையோடு ஒருவர், இருவர் போவோம். இப்போது ஒரே லேப்டாப்பைச் சுற்றி மாமா, சித்தி, எதிர் ஃப்ளாட் அங்கிள். ஆளுக்கொரு கல்லூரி சொல்வார்கள். பிடித்த கல்லூரியைப் பட்டியலின் தலையில் வையுங்கள்; கிடைக்கிற கல்லூரியை அதற்குக் கீழே. வரிசையைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். நான்கு வருடம் படிக்கப்போவது அங்கிள் இல்லை!