மண்ணெண்ணெய் குடித்த மகான்

பெராரியின் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. நல்ல எஞ்சின்தான் என்கிறார்கள். ஆனால் அதற்கு யாராவது மண்ணெண்ணெய் ஊற்றி ஓட்டிப் பார்த்தார்களா? இல்லை. பரீட்சையே எழுதாத பிள்ளைக்கு முதற்பரிசு கொடுக்கிற வழக்கம் எங்கள் திருகோணமலையில் கிடையாது.

சிறந்த எஞ்சின் எது என்றால், என் வாக்கு நான் வைத்திருக்கும் மொறிஸ் மைனர் காருக்குள் இருக்கும் ஏ-சீரிஸ் எஞ்சினுக்கு. 1951இல் ஒஸ்ரின் ஏ30 காருக்காக 803 சிசியில் பிறந்தது. அடுத்த வருடமே மைனருக்குள் குடிபுகுந்தது. பிறகு 948, 1098 என்று உடம்பு வைத்தது. 1959இல் மினி காருக்குள் குறுக்காகப் படுத்துக்கொண்டது. 2000ஆம் ஆண்டில்தான் உற்பத்தியை நிறுத்தினார்கள். அதற்குள் நாங்கள் நாட்டின் அரசியலமைப்பையே இரண்டு தடவை மாற்றி எழுதிவிட்டோம்.

என் மச்சானுக்கு இதெல்லாம் பிடிக்காது. அவரிடம் இருப்பது ஜப்பான் ஹைபிரிட். "நாலு சிலிண்டருக்கு மூச்செடுக்க ரெண்டே ரெண்டு வாசல். இதெல்லாம் ஒரு டிசைனா அத்தான்?" என்பார். சொல்வது உண்மைதான். உள்ளிழுக்க இரண்டு வாசல், புகை போக மூன்று, அந்த ஐந்தும் எஞ்சினின் ஒரே பக்கத்தில். வருகிறவரும் போகிறவரும் முட்டிக்கொள்ளும் கல்யாண வீட்டுப் படலைதான். பந்தயக் கார்காரர்கள் இதை நினைத்துத் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

ஆனால் மச்சானுக்கு விளங்காத சங்கதி அந்த நெருக்கடிக்குள்தான் இருக்கிறது. 1990 ஜூனில் யுத்தம் மறுபடி தொடங்கியதும் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் போவது நின்றது. புதிய கார்கள் கொட்டிலுக்குள் தவம் இருந்தன. மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. முதலில் காபரேற்றருக்குக் கொஞ்சம் பெற்றோல், சங்கில் பிள்ளைக்கு மருந்து புகட்டுகிற அளவுக்கு. எஞ்சின் சூடாகும்வரை அதில் ஓடும். பிறகு மண்ணெண்ணெய். குளிர்ந்த மண்ணெண்ணெய் ஆவியாகாது, சூடு வேண்டும். மூச்சிழுக்கிற குழாயும் புகைக்குழாயும் ஒட்டிக்கொண்டு கிடப்பதால் அந்தச் சூடு சும்மா கிடைத்தது!

இன்னொன்று அமுக்க விகிதம். மண்ணெண்ணெயை அதிகமாக அமுக்கினால் பொறி மூட்டிய தீ பரவி வருமுன்பே மிச்சம் தானாகப் பற்றிக்கொண்டு பிஸ்டனில் சம்மட்டி அடிக்கும். ஹைபிரிட் எஞ்சின்களில் அந்த விகிதம் 13க்கு 1ஐயும் தாண்டும். பழைய மைனரில் ஏழு, எட்டுச் சொச்சம்தான். அப்படியும் இடித்தால் டிஸ்ரிபியூற்றரைக் கையால் லேசாகத் திருப்பினால் போதும். கணினியிடம் அனுமதி கேட்கத் தேவையில்லை. தொல்லை இல்லாமல் இல்லை. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி அடியில் இறங்கும். ஓட ஓடக் குறைய வேண்டிய எஞ்சின் ஒயில் ஓட ஓடக் கூடும். எத்தனையோ பேர் அதை வரவு என்று நினைத்துச் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

இந்த வித்தை எங்கள் கரைக்குப் புதிதல்ல. கிண்ணியாவிலும் மூதூரிலும் மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு எஞ்சின் கட்டிய வள்ளங்கள் பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய்க்கு மாறித்தான் கடலுக்குப் போகும். ஆனால் அவை அதற்கென்றே ஜப்பான்காரன் யோசித்துச் செய்தவை. லோங்பிரிட்ஜில் ஏ-சீரிஸை வரைந்தவர்கள் யாழ்ப்பாணத்தைக் கனவில்கூடக் கண்டிருக்கமாட்டார்கள். வரைந்தவனே நினைத்திராத சோதனையில் பாஸ் பண்ணுவதைத்தான் நான் நல்ல டிசைன் என்கிறேன்.

அனுராதபுரச் சந்திப் பக்கம் கராஜ் வைத்திருக்கும் காக்காவின் இலக்கணம் இதைவிடச் சுருக்கம். "கை போகணும், கண் போகணும், காசு போகக்கூடாது." மைனரின் மூடியைத் திறந்தால் எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் நிலம் தெரியும். கீழே விழுந்த ஸ்பானரைக் குனிந்து எடுக்கலாம். மச்சானின் காரில் விழுந்த ஸ்பானர் காரோடு சேர்த்துத்தான் விலைபோகும்.

உப்புக்காற்று வேறு இருக்கிறது. உட்துறைமுகமும் வெளிக்கடலும் இரண்டு பக்கமும் உள்ள ஊரில் காரின் தகரம் முதலில் சாகும். கதவின் அடியில் விரல் வைத்து அழுத்தினால் விரல் உள்ளே போய்விடும். எஞ்சினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. மைனரின் தகரப் பாகங்கள் 1990களில் தென்னிலங்கையில் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகின. பாத் நகரத்தில் மைனர் திருத்தும் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயாரின் யோசனை அது. ஆங்கிலேயனின் துருவுக்கு எங்கள் தகரம். இதைச் சொன்னால் மச்சான் பேச்சை கிரிக்கெட்டுக்கு மாற்றுவார்.

எங்கள் மாவட்டத்துச் சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் நூற்றுக்கு ஒன்று குறைவாக இன்றும் நிற்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 12,000 கிலோலீற்றர் கொள்ளும். 1942 ஏப்ரல் 9 ஜப்பானிய விமானத் தாக்குதலில் ஒன்று எரிந்துபோனது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் அதே மாவட்டத்து மக்களாகிய நாங்கள் வெறும் கானோடு வரிசையில் நின்றோம். கியூஆர் அட்டை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர், ஓட்டோவுக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4. மைனர் வைத்திருக்கிறீர்களே, மண்ணெண்ணெய் ஊற்றுங்களேன் என்று மச்சான் சொன்னார். மண்ணெண்ணெய் வரிசை அதைவிட நீளம். அதில் நின்றவர்கள் மீனவர்கள், அடுப்பெரிக்கக் காத்திருந்த பெண்கள். அவர்களுக்கு முன்னால் போய் 1990இன் வீரப்பிரதாபம் பேச எனக்கு வாய் வரவில்லை. அந்த மாதங்களில் மச்சானின் ஹைபிரிட் ஒரு லீற்றரில் என் மைனரைவிட இரண்டு மடங்கு தூரம் போனது. மனுசன் அதைக் கணக்குக் கொப்பியில் எழுதியே வைத்திருக்கிறார். இருக்கட்டும்.

2020 மார்ச்சில் நிறுத்திய கார் இறக்குமதியை 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்துவிட்டார்கள். ஊருக்குள் மின்சாரக் கார்களும் வரத் தொடங்கின. மச்சானின் சிநேகிதர் ஒன்றை வாங்கி, பெருமைக்காக நேரே காக்காவின் கராஜுக்கு ஓட்டிவந்தார். காக்கா கைகளைத் துடைத்துக்கொண்டு முன்மூடியைத் திறந்தார். உள்ளே எஞ்சின் இல்லை, துப்புரவான ஒரு பெட்டி. கை போனது, கண்ணும் போனது. நெடுநேரம் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நல்ல இடம் தம்பி. ஐஸ் போட்டா ஆறு பாரை வைக்கலாம்."