ஒரு பாட்டு எத்தனை ரூபாய்?

கேள்வி: எங்கள் மலைப் பாட்டுகளைப் பதிவு செய்து, இணையத்தில் டவுன்லோடாக விற்றால் கட்டுப்படியாகுமா?
— ஒரு வாசகர், நெல்லிவாசல்நாடு, ஜவ்வாது மலை

பதில்: கட்டுப்படியாகும். ஆனால் ஒற்றைப் பாட்டாக விற்காதீர்கள், தொகுப்பாக விற்பனை செய்யுங்கள்.

ஏன் தெரியுமா? 2012 பிப்ரவரியில் பிளிப்கார்ட் 'ஃப்ளைட்' என்ற பாட்டுக்கடையைத் திறந்தது. 2013 ஜூனிலேயே இழுத்து மூடியது. பக்கத்தில் திருட்டுப் பாட்டு இலவசம். சில ரூபாய் வசூலிப்பதற்கோ கட்டணம் தனி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

இன்று யுபிஐயில் அந்தச் சுமைகூலி இல்லை. 2020 ஜனவரி முதல் வியாபாரியிடம் அதற்குக் கட்டணம் பிடிப்பதில்லை. உலகம் முழுக்க விற்க 'பேண்ட்கேம்ப்' என்ற இணையதளம் இருக்கிறது. டிஜிட்டல் விற்பனையில் அதன் பங்கு 15 சதவீதம், பணப் பரிமாற்றச் செலவு தனி.

ஸ்ட்ரீமிங்கை நம்பலாமா? ஊர் அறிய உதவும், உலை வைக்க உதவாது. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்படாவிட்டால் காசே கிடையாது. டவுன்லோடு வாங்க 100 பேர் இருந்தாலும், அந்த 100 பேரின் பணமும் வந்து சேரும். வாங்கியவர் சிக்னல் இல்லாத மலையிலும் கேட்கலாம்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: பாடியவர், வாசித்தவர் பங்கை முதலிலேயே எழுதி வையுங்கள். மூலப் பதிவின் உரிமையை யாருக்கும் மொத்தமாக எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். பாட்டு ஊருடையது, வருமானமும் ஊருக்கே வரட்டும்.