சோலும் சோலும்: தோல் நோக்கில் ராக் இசையின் வீழ்ச்சி

ஆம்பூரில் ‘சோல்’ என்றால் ஷூவின் அடிப்பாகம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையில் ‘சோல்’ என்றால் ஆன்மா. தமிழில் எழுதிவிட்டால் இரண்டும் ஒன்றே. மொழியியலாளர் கண்டுகொள்ளாத இந்த ஒற்றுமையே இவ்வாய்வின் தோற்றுவாய்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்தார் ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்டுத் தலைமுறை தலைமுறையாக லண்டன் சந்தைக்கு அனுப்பியவர்கள். எனவே மேல்நாட்டார் தோல் உடுத்தி என்ன பாடினாலும் அபிப்பிராயம் சொல்ல இவர்களுக்கு உரிமை உண்டு. விமரிசகர்கள் இசைத்தட்டைக் காதால் மதிப்பிடுகிறார்கள். முறை தவறு. டேனரியில் யாரும் தோலைக் காதில் வைத்துப் பார்ப்பதில்லை.

முதல் சான்று, 1956 தொடக்கத்தில் வந்த கார்ல் பெர்கின்ஸின் ‘ப்ளூ ஸ்வேட் ஷூஸ்’. என்ன வேண்டுமானாலும் செய், என் ஷூவை மட்டும் மிதிக்காதே என்கிறான் பாட்டின் நாயகன். இலக்கிய நோக்கில் இது திமிர். தோல் நோக்கில் வெறும் பராமரிப்புக் குறிப்பு: ஸ்வேட் என்பது தோலின் உட்புறத்தைத் தேய்த்துப் பூமயிர் எழுப்பியது, கறை பட்டால் போகாது, ஈரமும் ஆகாது. பாட்டு ஏறிக்கொண்டிருந்த மார்ச் மாதத்திலேயே பெர்கின்ஸ் கார் விபத்தில் படுத்துவிட்டார். அதே பாட்டைப் பாடிய எல்விஸ் பிரெஸ்லியின் குரல் ஊர் நினைவில் நின்றது. எழுதியவரை ஷூ சரியாக மிதித்துவிட்டது.

சரிவு தொடங்கியது 1957இல். ரெமோ நிறுவனம் டிரம்முக்குக் கன்றுத்தோலுக்குப் பதில் பிளாஸ்டிக் தோல் விற்க வந்தது. மழையில் தொய்யாது என்பது அவர்கள் வாதம். பறையைத் தீயில் காய்ச்சிச் சுருதி கூட்டும் ஊரில் இது வாதமே அல்ல.

அடுத்து பீட்டில்ஸ். ஹாம்பர்க்கில் தோல் ஜாக்கெட்டோடு வாசித்துக்கொண்டிருந்த பையன்களுக்கு 1962இல் மேலாளர் பிரையன் எப்ஸ்டீன் கோட்டு சூட்டு மாட்டினார். அதே ஆண்டு ஆகஸ்ட் 16இல் டிரம்மர் பீட் பெஸ்ட் வெளியே. 1941 நவம்பரில் அவர் பிறந்த ஊர் மதராஸ். முதலில் தோல் போயிற்று, பிறகு மதராஸ்காரர் போனார். தற்செயல் என்று சொல்வோர் சொல்லட்டும்.

1965இல் பீட் பெஸ்ட் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். பெயர் ‘பெஸ்ட் ஆஃப் தி பீட்டில்ஸ்’. பீட்டில்ஸ் ஹிட்டுகளின் தொகுப்பென்று நம்பி வாங்கியவர்களுக்கு உள்ளே அப்படி ஒரு பாட்டும் கிடைக்கவில்லை. ஆனால் தலைப்பில் பொய் எங்கே? பீட்டில்ஸில் இருந்த பெஸ்ட், அவ்வளவுதான். பாட்டுகள் சுமார் ரகம். தலைப்பு மட்டும் காலத்தை வென்றது. அதே ஆண்டு டிசம்பரில் பீட்டில்ஸ் வெளியிட்ட தட்டு ‘ரப்பர் சோல்’. இதிலும் சிலேடை உண்டு. அடியில் தோல் இல்லை.

எதிர்ச்சான்று தேடியபோது எல்விஸே மீண்டும் குறுக்கிட்டார். ஆண்டுக்கணக்கில் சினிமாவில் வாடிப்போயிருந்தவர், 1968 டிசம்பரில் கறுப்புத் தோல் உடையில் தொலைக்காட்சியில் தோன்றினார். மார்க்கெட் திரும்பி வந்தது. ஆய்வு மேலும் உறுதிப்பட்டது.

ஆகவே இறுதித் தரவரிசை: முதலிடம் ‘பெஸ்ட் ஆஃப் தி பீட்டில்ஸ்’, இரண்டாமிடம் ‘ப்ளூ ஸ்வேட் ஷூஸ்’. ‘ரப்பர் சோல்’, குற்றத்தைத் தலைப்பிலேயே ஒப்புக்கொண்டுவிட்டதால், பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை.