ஆப்பிளும் அறிவுரையும்

படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கும் வீட்டுக்கு நலம் விசாரிக்க வருகிறவர்கள் மறக்காமல் இரண்டைக் கொண்டுவருவார்கள்: ஆப்பிள், அறிவுரை. ஆப்பிளை நறுக்கி வந்தவருக்கே காபியோடு கொடுத்து அனுப்பிவிடலாம். அறிவுரை வீட்டிலேயே தங்கிவிடும். "உன் உடம்பையும் பாத்துக்கோம்மா, காலையில அரை மணி நேரம் மூச்சுப்பயிற்சி பண்ணு." அந்த அரை மணி நேரம் பெட்பேன் வைப்பது யார் என்று மட்டும் சொல்லாமல் செருப்பை மாட்டிவிடுவார்கள். பராமரிப்பவரின் அழுத்தம் மனத்தில் இருப்பதாக நம்புவதால் வரும் வினை இது. என் கட்சி வேறு: அது கடிகாரத்தில் இருக்கிறது. 2019இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டாரைக் கவனிக்கும் வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 134 நிமிடம் செலவிட்டார்கள்; ஆண்கள் 76. பிள்ளை வளர்ப்பும் இதில் சேர்த்திதான். மாத்திரை வாங்கப் போன வழியில் டீக்கடையில் கரைந்த நிமிடங்களும் அந்த 76இல் உண்டா என்று நான் கிளறப்போவதில்லை.

மனப்பக்குவம் இருந்தால் நேரம் ஒரு பொருட்டல்ல என்பார்கள். அமெரிக்காவின் ஒஹாயோவில், மறதிநோய் கண்ட உறவினரைக் கவனித்துவந்த 13 பெண்களின் கையில் சிறு காயம் ஏற்படுத்தி, ஆறும்வரை கவனித்தார்கள். 1995இல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது: பராமரிப்புப் பொறுப்பில்லாத பெண்களைவிட அவர்களுக்குக் காயம் ஆறச் சுமார் 9 நாள் கூடுதலாயிற்று. சின்ன ஆய்வுதான். ஆனாலும் "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்" என்று வாய் சமாளிக்கும். தோலுக்கு அந்த நாகரிகமெல்லாம் தெரியாது.

வேலையைப் பிறரோடு பகிரலாமே என்றால், "நான் ஊட்டினால்தான் சாப்பிடுவார்" என்பது அடுத்த தடை. இருக்கலாம். ஆனால் ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கவும், எட்டு உறவினருக்குப் போனில் ஒரே சர்க்கரை அளவை ஒப்பிக்கவும் நோயாளியின் சம்மதம் தேவையில்லையே. வெளிநாட்டுத் தம்பி பணம் அனுப்புகிறாரே என்றால், நல்லதுதான். முதியோர் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டமும் பெற்றோருக்கு மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் கேட்க வழிசெய்கிறது. ராத்திரி 2 மணிக்கு எழுந்து படுக்கை விரிப்பை மாற்றுவது யாருடைய முறை என்று அதில் ஒரு பிரிவும் இல்லை. ஆகவே நலம் விசாரிக்க வருபவர்கள் சனிக்கிழமை மதியம் 2 மணிக்கு வந்து 5 மணிவரை இருங்கள். ஆப்பிளை நீங்களே நறுக்கிக்கொள்ளுங்கள். வழக்கமாக நறுக்குகிறவள் உள்ளே தூங்குகிறாள்.