காத்தாடிச் சித்தப்பா

குடவாசலைச் சுற்றியுள்ள ஊர்களில் சித்திரை மாதம் வயலுக்கு விடுமுறை. சம்பா அறுப்பதற்குச் சில நாள் முன்பு, நெல் நிற்கும்போதே ஈரத்தில் தெளித்த உளுந்தும் பயறும் பங்குனியோடு வீடு வந்து சேர்ந்திருக்கும். மிச்சம் இருப்பது வெடித்த நிலம், வரப்போரம் காய்ந்த கோரை, நாலைந்து ஆடு. மாலை நாலு மணிக்கு மேல் கிழக்கேயிருந்து கடல்காற்று வரும். அதோடு காத்தாடிச் சித்தப்பாவும் வருவார். தெருவுக்கு ஒருவர் உண்டு. வயது நாற்பதுக்கு மேல், ஐம்பதுக்குள். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுபவராகவோ, உரக்கடையில் கல்லாவில் உட்காருபவராகவோ இருப்பார். ஆட்காட்டி விரலின் நடுக்கணுவில் ஒரு பிளாஸ்திரி நிரந்தரமாக ஒட்டியிருக்கும். நம்மோடு பேசும்போது அவர் கண் நம் முகத்தில் நிற்காது, தலைக்கு மேலே தென்னை மட்டை எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கும். கடன் கேட்க வந்தவர்கள் இதை அலட்சியம் என்று எடுத்துக்கொண்டு திரும்பிப் போவதால் அவருக்கு லாபமும் உண்டு. சொந்தப் பிள்ளைகளுக்கு அவரால் பெரிய உபயோகம் இல்லை. தெருப்பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் சித்தப்பா.

இவரை ஊர் இரண்டு வகையாகத் தப்பாக எடை போடுகிறது. வயதுக்கேற்ற புத்தி இல்லாதவர் என்பது ஒன்று. சண்டைக்கோழி என்பது இன்னொன்று. முதல் குற்றச்சாட்டை அவர் மனைவியே தினமும் கவனித்துக்கொள்வதால் நாம் தலையிட வேண்டியதில்லை. இரண்டாவதைத்தான் மறுக்க வேண்டியிருக்கிறது. வானத்தில் இன்னொருவர் காத்தாடி அமைதியாக நின்றால் சித்தப்பாவுக்குப் பொறுக்காது என்பது உண்மை. ஐந்து நிமிஷத்துக்குள் அவருடைய நூல் அதன் குறுக்கே போய்விடும். ஆனால் அதே மனிதர் தரையில் எப்படி இருக்கிறார்? முறைத்தண்ணீர் தகராறில் மண்வெட்டியோடு நிற்கும் இரண்டு பங்காளிகளுக்கு நடுவே போய், ‘விடுங்க மாமா, விடுங்க’ என்று இருவரையும் பிரித்துவிடுபவர் அவர். கல்யாணப் பந்தியில் இலை கிடைக்காவிட்டால் அடுத்த பந்திக்குச் சிரித்துக்கொண்டே காத்திருப்பார். பேருந்தில் யாராவது அவர் காலை மிதித்தால், காலை அங்கே வைத்ததற்காக இவர் மன்னிப்புக் கேட்பார். தெற்குத் தெருவில் சம்பந்தி, வடக்குத் தெருவில் மைத்துனர் என்று ஊர் முழுக்கச் சொந்தமாக இருக்கும் இடத்தில் ஒரு மனிதர் முறைக்கக்கூட வழியில்லை. முறைக்காமல் நாற்பது வருஷம் சேர்த்து வைத்ததை இருநூறடி உயரத்தில் கொண்டுபோய் வைக்கிறார். அங்கே யாரும் சம்பந்தி இல்லை.

இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் எதிரியைத் தேர்ந்தெடுக்கும் விதம். புதிதாகக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் காத்தாடியை ஏற்றத் தெரியாமல் திணறும் சிறுவனை அவர் தொடமாட்டார். போய்ச் சூத்திரக்கயிற்றைச் சரிசெய்து, வாலுக்கு இன்னொரு முழம் துணி கட்டி ஏற்றிவிட்டு வருவார். மூங்கில் சிம்பையும் தென்னை ஈர்க்கையும் கத்தியால் சீவி, மைதாப் பசை காய்ச்சி, தானே ஒட்டிய காத்தாடியோடு வருபவர்தான் அவருக்கு எதிரி. ஜெயித்த கதைகளை அவர் அதிகம் சொல்வதில்லை. அறுந்து போன காத்தாடிகளின் வரலாறு மட்டும் அவரிடம் ஆண்டுவாரியாக இருக்கும்: எது புளியமரத்தில் சிக்கியது, எது அரசலாற்றுப் பக்கம் போனது, எது திரும்பவே இல்லை. ஜெயிப்பதுதான் நோக்கம் என்றால் இந்தக் கணக்குக்கு அவசியமே இல்லை. ஆகவே நான் வந்து சேரும் முடிவு: சித்தப்பா வெட்டுவதற்காக வானத்துக்குப் போகவில்லை, தன்னையும் யாராவது வெட்டக்கூடும் என்ற நிலைக்காகப் போகிறார். மாதச் சம்பளத்திலும் வட்டிக் கணக்கிலும் அது கிடைப்பதில்லை.

இந்த முடிவு சரியென்றால் அதிலிருந்து இன்னொன்றும் வரும். அவருக்குக் கூரான நூல் தேவையில்லை. வஜ்ஜிரத்தில் கண்ணாடித்தூளைக் குழைத்து ஏற்றிய மாஞ்சா எதிரியின் நூலோடு நிற்பதில்லை. சென்னையில் பாலத்தின் மேல் பைக்கில் போனவர்களும், பெற்றோருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த குழந்தைகளும் கழுத்து அறுபட்டு இறந்திருக்கிறார்கள். இதில் சிரிக்க எதுவும் இல்லை. 2017 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நைலான் முதலான செயற்கை மாஞ்சா நூலுக்கு நாடு முழுக்கத் தடை போட்டது. தமிழ்நாட்டிலும் தடை இருக்கிறது. மனிதக் கழுத்தை விடுங்கள், இந்த மாவட்டத்திலேயே வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் என்று இரண்டு பறவைகள் சரணாலயங்கள், இரண்டும் 2022-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தவை. அங்கே வந்து போகும் நாரைக்குச் சித்தப்பாவின் நூல் தெரியாது. சித்தப்பாவும் நல்லவர், தடையை மதித்து வெள்ளைப் பருத்தி நூலுக்கு மாறிவிட்டார். ஆனால் பருத்தி நூலில் சண்டை என்பது இரண்டு பேர் சிக்கெடுப்பது. அதற்கு வீட்டிலேயே வேலை இருக்கிறது.

அவருக்கு நான் சிபாரிசு செய்வது ரேடியோ விமானச் சண்டை. உலகத்தின் பல ஊர்களில் சித்தப்பாக்கள் ஏற்கெனவே இதற்கு மாறிவிட்டார்கள். விஷயம் எளிது. நுரைப்பலகையில் வெட்டிய சின்ன விமானம், ஒரு மோட்டார், திருப்புவதற்கு இரண்டு சர்வோ, ஒரு லித்தியம் பேட்டரி, கையில் ரிமோட். விமானத்தின் பின்னால் ஒரு முழ நூல் விட்டு, அதன் முனையில் நீளமாக ஒரு கிரேப் காகித வால், பள்ளி ஆண்டுவிழாவுக்குத் தோரணம் கட்டுகிறோமே, அதே காகிதம். ஒருவர் வாலை இன்னொருவர் விமானத்தின் விசிறி கடித்துத் துண்டாக்க வேண்டும். வெட்டுப்பட்டவர் கீழே விழுவதில்லை, மிச்ச வாலோடு தொடர்ந்து பறக்கலாம். இரண்டு விமானம் ஒன்றையொன்று துரத்தி வட்டமடிக்கும்போது முன்னால் போகிறவர் திடீரென்று மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைப்பார், பின்னால் வருகிறவர் தாண்டிப் போய்விடுவார், ஒரு விநாடியில் வேட்டைக்காரர் இரையாகிவிடுவார். வெட்டு விழும்போது மோட்டார் சத்தம் ஒரு கணம் கம்மும். காகிதத் துண்டு ஒன்று சுழன்று சுழன்று மெதுவாக இறங்கும், பிள்ளைகள் அதைப் பிடிக்க ஓடுவார்கள். சில சமயம் வெட்டிய காகிதம் முழுவதும் மோட்டார் தண்டிலேயே சுற்றிக்கொண்டு வெற்றி பெற்றவரின் விமானம் நின்றுவிடும். ஜெயித்தவர் இறங்குவார், தோற்றவர் மேலே வட்டமடித்துக்கொண்டிருப்பார். இந்த ஒரு காட்சிக்காகவே சித்தப்பா மாறுவார் என்று நினைக்கிறேன்.

இதை விளையாடும் கிளப்புகளில் மதிப்பெண்ணைக்கூடப் பெரும்பாலும் யாரும் சரியாக எழுதுவதில்லை. எழுதுகிற இடமும் ஒன்று உண்டு. சர்வதேச வான்விளையாட்டுக் கூட்டமைப்பு எஃப்2டி என்ற பெயரில் கம்பிவழி விமானச் சண்டைக்கு உலகப் போட்டியே நடத்துகிறது. வட்டத்தின் நடுவில் இருவர் தோளோடு தோள் உரச நிற்க, பதினாறு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த கம்பியில் 2.5 சிசி என்ஜின் பூட்டிய விமானங்கள் அவர்களைச் சுற்றி வரும். ஆட்டம் நாலு நிமிஷம், வெட்டுக்கு நூறு புள்ளி. என் வாதத்துக்கு உதவுவது அந்த விதிகளில் உள்ள இன்னொன்று: ஒரு ஆட்டத்துக்கு ஒருவர் இரண்டு விமானம் கொண்டுவரலாம். அதாவது ஒன்று நொறுங்கும் என்பதை விதி எழுதியவர்களே முன்கூட்டி ஒப்புக்கொண்டுவிட்டார்கள். இரண்டு காத்தாடியோடு வயலுக்கு வரும் நம் ஆளைப் பார்க்காமலேயே அவரைப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

இதற்குச் சித்தப்பாவே முதல் ஆட்சேபம் சொல்வார். ‘நூல்ல இருக்குற அந்த இழுவை இதுல இருக்காது தம்பி.’ கனமான ஆட்சேபம்தான். காற்று கனத்தால் விரலுக்குத் தெரியும், எதிரி நூலை விட்டால் தெரியும், அறுந்தால் நெஞ்சுக்கே தெரியும். ரிமோட்டின் குச்சிக்கு இதெல்லாம் தெரியாது. விமானம் நம்மை நோக்கி வரும்போது இடது வலதாகிவிடும் என்பதைக் கண்தான் கற்றுக்கொள்ள வேண்டும், கற்பதற்குள் மூன்று விமானமாவது போகும். கையில் இழுவை இல்லாமல் முடியவே முடியாது என்றால் கம்பிவழி விமானம் இருக்கிறது. என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்த பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள், அவர்கள் அதைப் பறக்கவிட்டிருப்பார்கள். ஆனால் நம்மூரில் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சுழல்வதற்கு மின்கம்பி இல்லாத வயலைத் தேட வேண்டும். ரேடியோவே உத்தமம்.

இரண்டாவது ஆட்சேபம் சட்டம். மேற்கே தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. 2020 ஜனவரி 20-ஆம் தேதி 222-ஆம் படைப்பிரிவு சுகோய்-30 விமானங்களோடு அங்கே குடியேறியது. அந்த வானத்தில் சித்தப்பாவும் இறங்குவதா என்று கேட்கலாம். இறங்குவதற்கு முறை இருக்கிறது. 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் ஆளில்லா விமானங்களை எடைவாரியாகப் பிரித்திருக்கின்றன. 250 கிராமுக்கு உட்பட்டது நானோ, அதை ஓட்ட உரிமம் தேவையில்லை. சண்டைக்கு அதற்கு மேல் எடை தேவையும் இல்லை, எடை கூடக்கூட மோதலில் செலவும் ஆபத்தும்தான் கூடும். எந்த இடம் பச்சை மண்டலம், எது சிவப்பு என்று டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். தென்னை மட்டையைப் பார்த்துக் காற்றின் போக்கைச் சொல்லும் மனிதருக்குச் செல்பேசியில் வரைபடம் பார்க்கச் சொல்லித்தர ஒரு அண்ணன் மகன் போதும்.

சண்டை விளையாட்டு பிள்ளைகளைக் கெடுக்கும் என்பவர்களும் உண்டு. அவர்களுக்குக் குடவாசலே பதில் வைத்திருக்கிறது. சோழன் செங்கணானிடம் தோற்ற சேரமான் கணைக்கால் இரும்பொறை இந்தக் குடவாயிற் கோட்டத்துச் சிறையில்தான் கிடந்தான் என்று புறநானூற்றுப் பாட்டின் பழங்குறிப்பு சொல்கிறது. தண்ணீர் கேட்டான், உடனே தரவில்லை, பிறகு தந்ததைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டும் குடிக்காமல் உயிரை விட்டான். தோற்றவனுக்குத் தண்ணீரை எப்போது, எப்படிக் கொடுப்பது என்ற விஷயத்தில் இந்த ஊருக்கு இரண்டாயிரம் வருஷத்துக்கு நெருங்கிய பாக்கி ஒன்று இருக்கிறது. காகித வால் சண்டையில் தோற்றவருக்கு முதலில் கிடைப்பது ஜெயித்தவரின் பசைக்குப்பி, அடுத்தது டீ. ஒடிந்த இறக்கையை இருவரும் சேர்ந்து ஒட்டினால்தான் அடுத்த ஆட்டம் உண்டு என்பதால் இளக்காரம் செய்ய அவகாசமே இல்லை. பிள்ளைகள் இதைப் பார்த்துக் கெட்டுப்போனால் போகட்டும்.

வயல்களில் இப்போது ட்ரோன் வைத்து மருந்து தெளிக்கிறார்களே, இந்த விளையாட்டில் தேறும் பையன்களுக்கு அந்தத் தொழில் கைவரும் என்று சொல்லலாமா? சொல்லலாம், பொய்யும் இல்லை. ஆனால் அந்த வாதத்தை நான் தொடப்போவதில்லை. வேளாண்மை வளர வேண்டும் என்று யாரும் அடுத்தவன் வாலை அறுத்ததில்லை. சித்தப்பாவுக்கும் அப்படி ஒரு சாக்கைக் கொடுத்தால் அவர் அதைக் கூட்டுறவுச் சங்கத்தில் மனுவாக எழுதிவிடுவார், விளையாட்டு அன்றோடு முடிந்தது.

உண்மையான இடைஞ்சல் காலம்தான். மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான தேதி ஜூன் 12. தண்ணீர் கல்லணை தாண்டி இங்கே வந்து சேர இன்னும் சில நாள் ஆகும், வந்துவிட்டால் குறுவை நாற்றங்காலுக்கு முன்னால் எந்த விமானமும் நிற்க முடியாது. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். டெல்டா முழுக்கக் கொண்டாடியது, சித்தப்பாவும் இனிப்பு வாங்கிச் சாப்பிட்டார், ஆனால் பத்தொன்பது மாலைகள் போன துக்கம் அந்த இனிப்பில் இருந்தது. 2024-இல் அணையில் நீர் இல்லாமல் ஜூலை 28 வரை திறக்கவில்லை. ஊரே வாடிய அந்த நாட்களில் காலியாகக் கிடந்த வயலைப் பார்த்து உள்ளுக்குள் எழுந்த சந்தோஷத்தை அவர் மனைவியிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டார்.

ஆகவே மின்கம்பி இல்லாத, ரோட்டை ஒட்டாத வயல் ஒன்று உங்களிடம் இருந்தால், உளுந்து பிடுங்கிய நாளிலிருந்து வாய்க்காலில் தண்ணீர் வரும் வரை மாலை ஒரு மணி நேரம் அதைச் சித்தப்பாவுக்கு விட்டுக்கொடுங்கள். வாடகை கேட்க வேண்டாம். வரப்பை மிதித்துவிட்டால் அவரே வந்து கட்டித் தருவார், விமானம் பக்கத்துக் கொல்லையில் விழுந்தால் அவரே போய் மன்னிப்பும் கேட்டுக்கொள்வார். அதில் அவருக்கு அனுபவம் அதிகம்.