வந்த வரி திரும்புமா?

கேள்வி: திருவிழாச் சாமான் வாங்கினாலும் பில்லில் வரி நிற்கிறது. 'கொஞ்ச காலத்துக்குத்தான்' என்று வரும் வரி எதுவும் திரும்பிப் போனதுண்டா?
- வாசகர், வீரபாண்டி

பதில்: போனதுண்டு, ஆனால் அபூர்வம். பெரும்பாலும் விருந்தாளியாக வந்து வீட்டு மாப்பிள்ளையாகிவிடும்!

1937-இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். கள், சாராய வருமானம் போன பள்ளத்தை நிரப்பத்தான் 1939-இல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரி வந்தது. நோக்கம் நல்லது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் யுத்த காலத்தில் மதுவிலக்கு நிறுத்தப்பட்டபோதும் வரி அசையவில்லை. பின்னர் திரும்பி வந்த மதுவிலக்கும் விலகி, 1971-இல் மதுக்கடைகள் மறுபடி திறந்தன. அப்போதும் வரி அங்கேயே. பிறகு வாட், ஜிஎஸ்டி என்று பெயர்தான் மாறியது. மதுவிலக்குக்காகப் பிறந்த வரியை இன்று டாஸ்மாக் பாட்டிலும் கட்டுகிறது!

திரும்பிப் போனதற்கு அண்மை உதாரணம், ஜிஎஸ்டி இழப்பீட்டு செஸ். 2017-இல் ஐந்தே ஆண்டு என்றார்கள். கொரோனாவில் வாங்கிய கடனை அடைக்க 2026 மார்ச் வரை நீட்டினார்கள். ஆனாலும் கார் மீதான செஸ் 2025 செப்டம்பரிலேயே நீங்கியது. சட்டத்திலேயே கெடு இருந்ததால், நீட்டுவதற்குக் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு புது வரிக்கும் அப்படியொரு கெடுவை நாம் கேட்டு வாங்க வேண்டும்.