விண்படையில் காதலிப்பது எப்படி?

மணிமங்கலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு முன்கூட்டிய கையேடு

மணிமங்கலத்துக்கும் படைக்கும் உள்ள உறவு பழையது. ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியை இங்கே புரட்டி எடுத்ததைக் கூரம் செப்பேடு சொல்கிறது. அந்தப் பல்லவனை ஆயனச் சிற்பியின் மகள் சிவகாமியோடு கோத்து, கூடாத காதல் ஒன்றைக் கல்கி 'சிவகாமியின் சபத'மாக எழுதினார். இன்று நமக்குக் கிழக்கே தாம்பரத்தில் விமானப்படை நிலையம், பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகளுக்கான பயிற்சிக் கழகம். ககன்யானுக்கு முதலில் தேர்வான நான்கு பேரும் விமானப்படைக்காரர்கள். ஆக, ஊர்ப் பிள்ளைகள் என்றாவது விண்படையில் சேரத்தான் போகிறார்கள். சேர்ந்தால் காதலிக்கத்தான் போகிறார்கள். தலைக்கு மேல் வெள்ளம் வந்த பிறகு யோசிப்பதைவிட, இப்போதே ஏழு படிகளைப் படித்து வைத்துக்கொள்வது நல்லது.

படி 1: தடை எங்கே எழுதியிருக்கிறது என்று பாருங்கள்

காதலுக்குக் கண் இல்லை என்பது சிவிலியன்களுக்கு. சீருடை போட்டவர்கள் விதிப்புத்தகத்தைப் படிக்கும் அளவுக்காவது கண்ணை வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் விதிப்புத்தகம் தொல்காப்பியம். பாசறையில் பெண்ணோடு கூடியிருப்பது வழக்கமில்லை என்கிறது கற்பியல். கடல் கடந்து போகும்போது பெண்ணை உடன் அழைத்துச் செல்லும் வழக்கமும் இல்லை என்கிறது அகத்திணையியல். விண்கலம் என்பது பாசறையும் கப்பலும் சேர்ந்த ஒன்று. எனவே உங்கள் காதல் இரண்டு நூற்பாக்களை ஒரே நேரத்தில் மீறுகிறது. பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

இந்திய ராணுவத்தில் இன்னொரு குற்றம் உண்டு. 'சக அதிகாரியின் மனைவியின் பாசத்தைத் திருடுவது' என்று கவிதை மாதிரி அதற்குப் பெயர். பிறன்மனை உறவு குற்றமல்ல என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும், படைச் சட்டங்களின்படி நடவடிக்கை எடுக்கத் தடையில்லை என்று 2023-ல் தெளிவுபடுத்திவிட்டார்கள். பாசத்தைப் பூட்டி வைக்கும் லாக்கர் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்பதால், பக்கத்து கேபின் பக்கம் போகாமல் இருப்பதே பாதுகாப்பு.

படி 2: பழைய சாமான்களை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்

மல்லிகைப்பூ வேண்டாம். எடையின்மையில் உடலின் நீர் தலைப்பக்கம் ஏறி, முகம் உப்பி, மூக்கு அடைத்துக்கொள்ளும். வாசனை தெரியாது. பூ மட்டும் மிதந்து போய்க் காற்று வடிகட்டியில் மாட்டும். யார் கொண்டுவந்தது என்று விசாரணை வரும்.

'அந்தி சாய்ந்ததும் சந்திப்போம்' என்று சொல்லாதீர்கள். பூமியைச் சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றும் நிலையத்தில் ஒரு நாளைக்குப் பதினாறு அந்தி வரும். எந்த அந்தி என்பதிலேயே சண்டை வந்துவிடும்.

அழுது காரியம் சாதிக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். கண்ணீர் கன்னத்தில் வழியாது. கண்ணிலேயே உருண்டையாகத் திரண்டு நிற்கும், எரியும், பிறகு மூக்குத்தண்டைத் தாண்டி அடுத்த கண்ணுக்குப் பரவும். கிறிஸ் ஹாட்ஃபீல்ட் என்ற கனடா விண்வெளி வீரர் குப்பித் தண்ணீரைக் கண்ணில் விட்டு இதைச் செய்தே காட்டியிருக்கிறார். துண்டால் ஒற்றி எடுக்கும் வரை எதிரே இருப்பவருக்குச் சிரிப்புதான் வரும்.

படி 3: ஷிஃப்டைக் கவனியுங்கள்

கணவன் மனைவியை ஒரே பயணத்தில் அனுப்புவதில்லை என்பது நாசாவின் வழக்கம். மார்க் லீ என்ற வீரரும் ஜான் டேவிஸ் என்ற வீராங்கனையும் என்ன செய்தார்கள்? ஒரே பயணத்துக்குத் தேர்வான பிறகு, சத்தமில்லாமல் கல்யாணம் செய்துகொண்டார்கள். பயிற்சி வெகுதூரம் போயிருந்தது. ஆள் மாற்ற நேரமில்லை. 1992 செப்டம்பரில் என்டெவர் ஓடத்தில் விண்ணுக்குப் போன முதல் தம்பதி அவர்கள்தான். லீ விமானப்படைக்காரர் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மேலே போனதும் அவருக்கு ஒரு ஷிஃப்ட், அவருடைய மனைவிக்கு வேறு ஷிஃப்ட். ஒருவர் எழும்போது மற்றவர் தூங்கப் போவார். கணவன் ஒரகடத்தில் நைட், மனைவி ஸ்ரீபெரும்புதூரில் ஃபர்ஸ்ட் என்று கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் மட்டும் பார்த்துக்கொள்ளும் மணிமங்கலத்துத் தம்பதிகளுக்கு இதில் தனிப் பயிற்சி தேவைப்படாது.

படி 4: தூது அனுப்பும் முறை

தோழி இப்போது தரைக்கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருக்கிறார். கேப்காம் என்று பெயர். கலத்தோடு பேசும் குரல் பெரும்பாலும் அவருடையதுதான். சங்ககாலத் தோழிக்கும் இவருக்கும் ஒரே வித்தியாசம், இவரிடம் சொல்வதெல்லாம் பதிவாகும்.

தூரத்தையும் கணக்கில் எடுங்கள். நிலவுக்குச் சொல் போய்ச் சேர ஒன்றேகால் விநாடிக்குக் கொஞ்சம் கூட ஆகும். சமாளிக்கலாம். செவ்வாய்க்கு மூன்று நிமிடத்திலிருந்து இருபத்திரண்டு நிமிடம் வரை. நீங்கள் "சாப்டியா?" என்று கேட்டு, "இன்னும் இல்ல, நீ?" என்ற பதில் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகலாம். அதற்குள் இரண்டு பேருமே சாப்பிட்டு முடித்திருப்பீர்கள். ஊடலுக்கு இது இன்னும் ஆபத்து. அவள் "போடா" என்று அனுப்பியது வந்து சேரும் முன்பே அவனுடைய மன்னிப்பு கிளம்பியிருக்கும்; எதற்கு மன்னிப்பு என்று புதிதாக ஒரு விசாரணை தொடங்கும்.

படி 5: மாப்பிள்ளை இல்லாமலே கல்யாணத்தை முடியுங்கள்

இதில் நமக்கு முன்னோடி யூரி மலென்சென்கோ. ரஷ்ய விமானப்படைக் கர்னல். 2003-ல் சர்வதேச விண்வெளி நிலையத்தின் கமாண்டர். பெண் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். ரகசியம் அறிந்த ராணுவ அதிகாரி வெளிநாட்டுப் பெண்ணைக் கட்ட அனுமதி வேண்டும் என்பது ரஷ்யத் தரப்பின் வாதம். இறங்கி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். ஜோடி கேட்கவில்லை.

அவர்களுக்குக் கைகொடுத்தது டெக்சாஸ் சட்டம். மணமக்களில் ஒருவர் வர முடியாவிட்டால் பதிலுக்கு ஓர் ஆளை நிறுத்தலாம் என்று அதில் இருந்தது. 2003 ஆகஸ்ட் 10 அன்று ஹூஸ்டனில் மாப்பிள்ளையின் இடத்தில் ஒரு வழக்கறிஞர் நின்றார். மாப்பிள்ளை சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் போ டை கட்டிக்கொண்டு வீடியோவில் தெரிந்தார். மாப்பிள்ளைத் தோழன் அதே நிலையத்தில் இருந்த எட் லூ. நாதஸ்வரத்துக்குப் பதில் அவரே கீபோர்டு வாசித்தார். பெண் திரையைப் பார்த்து முத்தத்தைப் பறக்கவிட்டார். விருந்தில் அட்டையில் வெட்டிய ஆளுயர மாப்பிள்ளை பக்கத்தில் நின்றார். எந்தக் கேள்விக்கும் எதிர்த்துப் பேசாத மாப்பிள்ளை. மாமியார்கள் ஏங்கும் ரகம்.

மாப்பிள்ளைக்குப் பதில் கட்டாரியை அனுப்பி வைத்த ஜமீன்களைக் கண்ட நாட்டுக்கு இது ஒன்றும் அதிசயமில்லை. கவனிக்க வேண்டியது வேறு. இந்தக் கதையில் யாரும் கதவை உடைக்கவில்லை. ஒரு விதிப்புத்தகம் கதவை மூடியது. இன்னொன்று ஜன்னலைத் திறந்து வைத்திருந்தது. படித்தவர்கள் புகுந்தார்கள். இனி இப்படி நடக்கக் கூடாது என்று ரஷ்யத் தரப்பு சொன்னது. டெக்சாஸும் 2013-ல் சட்டத்தைத் திருத்தி, அந்த வசதியை வெளிநாட்டில் பணியில் இருக்கும் அமெரிக்கப் படைவீரர்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது. ஜன்னல்கள் நிரந்தரமல்ல. சீக்கிரம் படியுங்கள்.

படி 6: வாயைக் கட்டுங்கள்

ககன்யான் வீரர் பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயருக்கும் மலையாள நடிகை லெனாவுக்கும் 2024 ஜனவரி 17 அன்று கல்யாணம். வீட்டில் பார்த்து முடித்த சம்பந்தம்தான். இருந்தும் வீரர்களின் பெயர்கள் பிப்ரவரி 27 அன்று பிரதமர் வாயால் வெளிவரும் வரை நடிகை மூச்சுவிடவில்லை. சினிமா நட்சத்திரமே நாற்பது நாள் ஸ்டேட்டஸ் போடாமல் இருந்திருக்கிறார். நீங்களும் இருக்கலாம்.

படி 7: பில் யார் பேரில் வரும் என்று முன்பே கேளுங்கள்

ரொமான்ஸ் நாவல்கள் தவிர்க்கும் படி இது. தடையை மீறுவது இரண்டு பேர். பில் மட்டும் பெரும்பாலும் ஒருவர் பேரில் வருகிறது.

கல்கியின் கதையில் சிவகாமி வாதாபியில் சிறை. நரசிம்மவர்மனுக்குப் பாண்டிய இளவரசியோடு திருமணம். விண்வெளிக்குப் போன முதல் பெண் வாலண்டினா தெரஷ்கோவா 1963-ல் சக வீரர் நிக்கொலாயெவை மணந்தார். நிக்கொலாயெவ் 1970-ல் மறுபடி பறந்தார், தெரஷ்கோவா மறுபடி பறக்கவே இல்லை. மலென்சென்கோவுக்கு அதன்பிறகும் மூன்று பயணங்கள் கிடைத்தன. இந்திய ராணுவச் செவிலியர் ஒருவர் ராணுவ அதிகாரியைத் திருமணம் செய்துகொண்டார். 1988-ல் வேலை போயிற்று. செவிலியர் கல்யாணம் செய்தால் நீக்கலாம் என்று 1977-ஆம் ஆண்டு விதி இருந்தது. அந்த விதியை 1995-ல் திரும்பப் பெற்றார்கள். அவருக்கு 60 லட்ச ரூபாய் கொடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2024-ல், அதுவும் காதலர் தினத்தன்று.

நம்மூர் ராஜகோபாலப் பெருமாள் கோயிலிலேயே இதற்குக் கல்வெட்டுச் சாட்சி இருக்கிறது. 1054-ல் சாளுக்கியரோடு நடந்த கொப்பத்துப் போரைச் சோழன் இரண்டாம் ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி விவரிக்கிறது. கைப்பற்றிய பொருள்களின் பட்டியலில் பெயர் சொல்லி யானைகள், பிறகு குதிரைகள், ஒட்டகங்கள், பன்றிக்கொடி, அதற்கும் பிறகு சாளுக்கியனின் தேவியர். ஸ்டோர் ரிஜிஸ்டரில் ஏற்றிய மாதிரி.

ஆகவே, கலத்தில் ஏறும் முன் தம்பிக்கு ஒரு வேலை இருக்கிறது. காதல் கடிதம் எழுதுவது அப்புறம். மாட்டிக்கொண்டால் கொடுக்க வேண்டிய விளக்கக் கடிதத்தை முதலில் எழுதி, இருவர் பெயரையும் போட்டு, முதல் கையெழுத்தைத் தான் போட வேண்டும். தயங்கினான் என்றால், தங்கச்சி, ஷிஃப்டை மட்டுமல்ல, கலத்தையே மாற்றிக்கொள்.